வேர்த்த முட்டை

ஒன்பது மணிக்குப் போக வேண்டிய கரண்ட் அதுக்கு முன்னாடியே போச்சு, நம்ம ஊர்ல நேரத்துக்கு முந்தி நடக்கிற ஒரே காரியம் இதுதான், ஏசி திறந்த மூடியோட அப்படியே அடங்கிச்சு, ஃபேன் ஒரு சுத்து, இன்னொரு அரைச் சுத்து, நின்னுபோச்சு, அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள என் மூச்சு மட்டும்தான் சத்தம். மாதாந்திரப் பராமரிப்புன்னு பேப்பர்ல போட்டிருந்தான், காட்டூர், திருவெறும்பூர், அதைச் சுற்றியுள்ள பகுதிகள், மதியம் ரெண்டு மணி வரைக்கும். சித்திரை வெயில்ல, திருச்சியில, மதியம் ரெண்டு மணி வரைக்கும். இவனுங்களுக்குக் கம்பியைத் துடைக்க வேற மாசமே கிடைக்கலையா. மனுஷன் தாங்குவான், நான் தாங்குவேன், பாய்லர் பட்டறையில வெந்து வெந்து பழகின உடம்பு. முட்டை தாங்குமா. கட்டிலுக்குப் பக்கத்துல அந்தத் தெர்மாகோல் பெட்டி, அதுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ள ஈரமான வெர்மிகுலைட், நர்சரிக்காரன் விக்கிற அந்த மினுமினுக்கிற மண்ணுதான், அதுல பாதி புதைஞ்சு ரெண்டு முட்டை. கோழிமுட்டை இல்லை, பல்லி முட்டை. பல்லின்னா சுவத்துல ஓடுற பல்லி இல்லை, மஞ்சள் உடம்புல கறுப்புப் புள்ளி போட்டு வளக்கிறதுக்குன்னே விக்கிற வெளிநாட்டுப் பல்லி, கெக்கோன்னு சொல்லணும், பல்லின்னு சொன்னா மிருதுளாவுக்குக் கோவம் வரும், "கெக்கோப்பா, கெக்கோ"ன்னு திருத்துவா, ஏழாவது முடிச்சவ, எனக்கு வாத்தியாரு. மிருதுளா என் மகள். இன்னிக்கு மூணு மணிக்கு வருவா.

மூணு மணிக்கு வருவா, ரெண்டாவது சனிக்கிழமையும் நாலாவது சனிக்கிழமையும், மூணு மணியிலருந்து எட்டு மணி வரைக்கும், குடும்பநல கோர்ட்டுல அப்படித்தான் முடிவாச்சு, ஷிப்ட் போட்ட மாதிரி. அவ அம்மா சுமித்ரா ஸ்கூட்டியில கொண்டாந்து கேட்டுக்கு வெளியிலயே இறக்கிவிட்டுட்டுப் போயிடுவா. பிரிஞ்ச புதுசுல மிருதுளா வந்து அந்தச் சோபா ஓரமா உக்காந்து செல்லையே பாத்துக்கிட்டிருப்பா, நான் பஜ்ஜி வாங்கி வைப்பேன், அது ஆறிப்போய் எண்ணெய் கக்கிக்கிட்டுக் கிடக்கும், ஸ்கூல் எப்படிப் போகுது, போகுது, சாப்டியா, சாப்டேன், ஏழு மணிக்கே செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பா. ஒரு சனிக்கிழமை தலைவலின்னு வரலை, அடுத்ததுக்கு டியூஷன், அதுக்கடுத்ததுக்கு வயித்துவலி. வக்கீலைப் போய்ப் பாத்தேன், "சார், பொம்பளைப் பிள்ளை வளருது, வரமாட்டேன்னு அதுவே ஒரு வார்த்தை சொல்லிட்டா ஜட்ஜ் அம்மா கட்டாயப்படுத்த மாட்டாங்க, பிள்ளையோட விருப்பம்தான்"னுட்டாரு. பிள்ளையோட விருப்பம். அந்த விருப்பம் எந்தக் கடையில கிடைக்கும்னு தேடிக்கிட்டுத்தான் பாலக்கரையில மீன்தொட்டி விக்கிற கடைக்குப் போனது, அங்கதான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பப்பாளி உக்காந்து என்னைப் பாத்தது. பழுத்த பப்பாளித் தோல் நிறம், அதான் மிருதுளா அப்படிப் பேரு வச்சா. அதுக்கப்புறம் தலைவலியும் இல்லை வயித்துவலியும் இல்லை, மூணு மணிக்கு வர்றவ ரெண்டே முக்காலுக்கே வந்து நின்னா. சுமித்ராவுக்குப் பல்லின்னாலே ஆகாது, அது வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்னு சொல்லிட்டாளாம், சந்தோஷம், அவ பயம் எனக்கு உதவினது இந்த ஒரு விஷயத்துலதான். அது இங்க இருந்தா இவ இங்க வருவா. கணக்கு அவ்வளவுதான். அந்தப் பப்பாளி இப்ப இல்லை, கடையிலயே ஆணோட சேர்ந்திருக்கும் போல, முட்டையிட்டு, இரை எடுக்காம, கொழுகொழுன்னு இருந்த வாலு சுள்ளி மாதிரி ஆகிச் செத்துப்போச்சு, மிச்சம் இருக்கிறது இந்த ரெண்டு முட்டை. இதுவும் போச்சுன்னா திரும்ப அந்தச் சோபா, அந்தப் பஜ்ஜி, அதுக்கப்புறம் அந்தத் தலைவலி.

பெட்டி மேல ஒட்டியிருக்கிற தெர்மாமீட்டர் டிஸ்பிளேயில முப்பது காட்டுது. நல்லது. முப்பது நல்ல எண்ணு. இப்பத்தானே கரண்ட் போயிருக்கு, இனிமேதான் இருக்கு கூத்து. நெட்ல ஆயிரம் பேர் எழுதியிருக்கான், முட்டை பொரிக்க வைக்கும்போது வர்ற பிரச்சினையும் தீர்வும்னு, படிச்சுப் படிச்சுக் கண்ணு போச்சு, எல்லாவனும் குளிர் நாட்டுக்காரன், கரண்ட் போனா சூடு குறைஞ்சிடும், வெந்நீர் பாட்டில் வைங்க, கம்பளி சுத்துங்க, காருக்குள்ள ஹீட்டரைப் போட்டு மடியில வச்சுக்கிட்டு உக்காருங்கன்றான். ஐயா, எனக்கு ஜன்னலுக்கு வெளிய அடுப்பு எரியுது, எனக்குச் சூட்டை எப்படி இறக்குறதுன்னு ஒருத்தன் சொல்லலை. முப்பத்திரண்டைத் தாண்டினா ஆபத்து, முப்பத்தஞ்சைத் தொட்டா உள்ள இருக்கிறது வெந்துடும்னு மட்டும் எல்லாரும் ஒரே குரல்ல சொல்றான். வெந்துடும். அவிச்ச முட்டை. ஓடு வேற தோல் மாதிரி மெத்துனு இருக்கு, கோழிமுட்டை மாதிரி கெட்டியா இருந்தாலாவது ஒரு தைரியம் இருக்கும். பெட்டியை மெதுவா, ஆடாம, அசங்காம, குழந்தையை ஏந்துற மாதிரி ஏந்தி அடுப்படிக்குக் கொண்டுவந்தேன், அங்க மண்பானைக்கு அடியில ஈர மணல் பரப்பி வச்சிருக்கேன், தண்ணி கசிஞ்சு கசிஞ்சு அந்த இடம் மட்டும் கால் வச்சா ஜில்லுனு இருக்கும், பானையை நகத்திட்டு அங்க வச்சேன், மேல நனைச்ச சாக்கு, பக்கத்துல ஃப்ரீசர்ல உறைய வச்ச தண்ணி பாட்டில், துண்டு சுத்தி. முட்டையைத் திருப்பக் கூடாது, அதுதான் முதல் சட்டம். கோழி திருப்பித் திருப்பி அடைகாக்கும், இதைத் திருப்பினா உள்ள இருக்கிற குஞ்சு தன் மஞ்சள்கருவிலேயே மூழ்கிச் செத்துடுமாம், அதுக்காகத்தான் ரெண்டு முட்டை தலையிலயும் பென்சிலால ஒரு பொட்டு வச்சிருக்கேன், பொட்டு மேல இருக்கணும், பொட்டு மேலதான் இருக்கு, இப்பப் பாத்தேன், இல்லை, அது தூக்குறதுக்கு முன்னாடி பாத்தது, தூக்கினப்ப ஆடியிருந்தா, அடுப்படிப் படி இறங்கும்போது லேசா ஒரு சாய்வு, சாஞ்ச மாதிரிதான் இருந்தது. திறந்து பாத்துட்டா நிம்மதி. திறந்தா ஈரம் போயிடும். பாக்காம இருந்தா தலை வெடிச்சிடும். திறந்தேன். பொட்டு மேலதான் இருந்தது.

பாக்குறதுதான் என் பொழைப்பு. வெல்டு அடிச்ச குழாயை எக்ஸ்ரே எடுத்து அந்த ஃபிலிமை வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கணும், விரிசல் இருக்கா, காத்துக்குமிழி இருக்கா, கசடு மாட்டியிருக்கா, மத்தவன் கண்ணுக்குப் படாத கோடு என் கண்ணுல படும், குணசீலன் பாத்துட்டானா அப்பக் கஸ்டமர் பாக்க வேண்டாம்னு பட்டறையில ஒரு பேச்சு உண்டு. கஸ்டமர் வர்றதுக்கு முன்னாடி கெட்டதைச் சிவப்புப் பெயின்ட் அடிச்சு ஓரங்கட்டிடுவேன், அவன் வரும்போது நல்லது மட்டும்தான் கண்ணுல படும். வீட்லயும் அதே கண்ணுதான். சாம்பார்ல புளி தூக்கல், மிருதுளா நோட்டுல கோடு கோணல், சுமித்ராவோட புடவைக்கும் ஜாக்கெட்டுக்கும் நூலளவு நிறம் சேரலை. சொன்னேன். தப்புன்னா சொல்லணும்ல. "ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம், அந்தக் கதைதான் உங்க கதை"ன்னு ஒருநாள் சோத்தைப் போட்டுக்கிட்டே சொன்னா, கரண்டியை வச்சுட்டுச் சிரிச்சா, அதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பாக்கலை. இப்ப எதுக்கு அது. முப்பத்தொண்ணு. இப்பத்தான் முப்பது காட்டினது, அதுக்குள்ள முப்பத்தொண்ணு, இல்லை, பெட்டியைத் திறந்தேன்ல, வெளிக்காத்து உள்ள போயிருக்கும். நானே ஏத்திவிட்டேன். இனிமே திறக்கக் கூடாது. மிருதுளாகிட்ட என்ன சொன்னேன், பப்பாளியைப் புதைச்ச அன்னிக்கு, அவ அழலை, "முட்டை பொரிச்சிடுமாப்பா, நீங்க பாத்துக்குவீங்கல்ல"ன்னு கேட்டா. நீங்க. முன்னாடியெல்லாம் நீதான், வாப்பா போப்பாதான், முதுகுல ஏறிக்கிட்டு காதைத் திருகுறவ, எந்தச் சனிக்கிழமையில நீங்க ஆச்சுன்னு எனக்கே தெரியலை. பாத்துக்கறேன்னு சொன்னேன். அதைச் சொல்லி முடிக்கும்போது சுவத்துல ஒரு பல்லி கத்துச்சு, நல்ல சகுனம்னு கைவிரலால மேஜையைத் தட்டினேன், அவளும் தட்டினா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தட்டினோம்.

வெயில் ஏறிடுச்சு. தெருவுல ஒரு ஆள் இல்லை, ஐஸ்காரன் மணி எங்கயோ தூரத்துல, அதுவும் நின்னுபோச்சு. சாக்கு காஞ்சுபோச்சு, திரும்ப நனைச்சேன், பாட்டில் உருகிடுச்சு, அடுத்த பாட்டில் மாத்தினேன், ஃப்ரீசர்லயே தண்ணி சொட்ட ஆரம்பிச்சிடுச்சு. முப்பத்திரண்டு. அதுலயே நிக்குது. நிக்குதா இல்லை மெஷின் மாட்டிக்கிச்சா, பேட்டரி போயிருக்குமோ, சீனா சாமான், அதை நம்பி ரெண்டு உசிரு. கை வச்சுப் பாத்தா என் கையே கொதிக்குது, எதை வச்சு எதை அளக்குறது. ஒரு வாசம் வருது. லேசா. சாக்கு வாசமா இருக்கும், ஈரச் சாக்குக்கு ஒரு மொச்சை வாடை உண்டு. இல்லை, இது அது இல்லை, இது பெட்டிக்குள்ளருந்து வருது, அழுகின வாசம்னு சொல்ல முடியாது, ஆனா நல்ல வாசமும் இல்லை, மூக்கை வச்சா போயிடுது, எடுத்தா வருது. கெட்டுப்போயிருந்தா. சூட்டுல உள்ள செத்திருந்தா. செத்திருந்தான்னு நினைச்ச அந்த நொடியில ட்யூப்லைட்டுக்குப் பின்னாடியிருந்து அந்தச் சனியன் பிடிச்ச பல்லி, ச் ச் ச் ச். கை தன்னால போய்ச் சுவத்தைத் தட்டிடுச்சு. எதுக்குடா தட்டினே, எதை நடக்கட்டும்னு தட்டினே. நான் நினைக்கவே இல்லை, அது வேற எதுக்கோ கத்துது, அது ஒரு பூச்சியைப் பாத்துக் கத்துது. நான் நினைச்சது அது இல்லைன்னு யார்கிட்ட சொல்றது. திறந்தேன். ஒரு முட்டை நல்லாத்தான் இருந்தது, வெள்ளையா, மொழுமொழுன்னு, வச்சது வச்ச மேனிக்கு. இன்னொண்ணு, இடதுபக்கத்து முட்டை, நடுவுல குழி. கட்டைவிரலை வச்சு அமுக்கின மாதிரி ஒரு குழி. அது மேல முத்து முத்தா தண்ணி. வேர்த்திருந்துச்சு.

எனக்கும் வேர்த்துப்போச்சு. முட்டை எப்படி வேர்க்கும், அது என்ன மனுஷனா, ஐஸ் பாட்டில்தான், பாட்டில்லருந்து ஈரம் ஏறி மூடியில பட்டு முட்டை மேல சொட்டியிருக்கு, சொட்டினா முட்டை அழுகும்னு படிச்சேன், மூடியைச் சாய்வா வைக்கச் சொல்லியிருந்தான், நான் நேரா வச்சேன். அப்பக் குழி எதுக்கு. ஈரம் பத்தலைன்னா குழி விழும். ஈரம் அதிகமானா சொட்டும். ரெண்டும் ஒரே முட்டையில எப்படி. சூடுதான். சூட்டுல உள்ள இருக்கிறது சுருங்கி, இருக்கிற தண்ணியை ஓட்டு வழியா வெளிய கக்கியிருக்கு, அதான் வாசம். காலண்டர்ல இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கு, நெட்ல போட்டிருந்த கணக்குப்படி மிருதுளாவோட அடுத்த சனிக்கிழமையை ஒட்டித்தான் வரும், அதுக்குள்ள இப்படி ஆனா என்ன அர்த்தம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்சாச்சுன்னு அர்த்தம். பஞ்சை எடுத்துத் துடைச்சேன், துடைச்ச இடத்துல திரும்ப வேர்த்துச்சு, துடைச்சேன், பென்சில் பொட்டு பஞ்சோட வந்துடுச்சு. இப்ப மேல் எது கீழ் எது. அப்படியே இருக்கட்டும்னு ஒரு மனசு. கெட்டதைப் பக்கத்துல விட்டா நல்லதையும் கெடுத்துடும், கூடையில ஒரு தக்காளி அழுகினா போதும்னு இன்னொரு மனசு. ஒருத்தன் உடனே எடுத்துடுங்கன்றான், ஒருத்தன் நாறுற வரைக்கும் தொடாதீங்கன்றான், நாத்தம் வருதா இல்லையான்னே எனக்குத் தெரியலையேடா. செல்லுல டார்ச் போட்டுப் பாத்தேன், ஃபிலிமைப் பாக்குற மாதிரி, நல்ல முட்டையில ஒரே கறுப்பு, இதுலயும் கறுப்பு, நரம்பு தெரியணும், ரோஸ் கலர்ல நரம்பு தெரியணும், முன்ன தெரிஞ்சது, இப்ப முழுக்கக் கறுப்பு. கறுப்புன்னா ரத்தம் செத்துப்போச்சுன்னு அர்த்தமா. அசையுதான்னு பாத்தேன். ஒரு தடவை அசைஞ்ச மாதிரி இருந்தது, என் கைதான் ஆடியிருக்கும்.

பூங்கோதை அக்காவுக்குப் போன் போட்டேன். அக்காவைக் கட்டிக்குடுத்தது மணப்பாறைப் பக்கம், வீட்டைச் சுத்தி நாட்டுக்கோழி, வருஷம் பூரா ஏதாவது ஒரு கூடையில ஏதாவது ஒரு கோழி அடையில உக்காந்திருக்கும். "என்னடா சீலா, இந்நேரத்துல"ன்னா. சொன்னேன். "பல்லி முட்டைக்காடா போன் பண்ணினே, நான் கூட ஏதோ ஆஸ்பத்திரி சமாச்சாரம்னு பயந்துபோனேன்"னு சிரிச்சா, அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டா, "மிருதுளாப் பிள்ளை இன்னிக்கு வருதோ"ன்னு கேட்டா, அக்காவுக்கு எல்லாம் புரியும். "அடையில இரும்புத் துண்டு கிரும்புத் துண்டு போட்டியா, கரி போட்டியா, ரெண்டு நாளைக்கு முன்னாடி இங்க இடி இடிச்சுதே, அங்கயும் இடிச்சிருக்கும், இடி விழுந்தா முட்டை கலங்கிடும்டா." இடி இடிச்சது. ஆமா, வியாழக்கிழமை சாயங்காலம் மழையில்லாம வெறும் இடி, நான் ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்திருந்தேன். "இப்ப என்னக்கா பண்றது." "என்ன பண்றது, தண்ணியில போட்டுப் பாரு. முங்குனா நல்ல முட்டை, மிதந்தா கூமுட்டை. இதுக்குப் போய் வெயில்ல உக்காந்து ஏன்டா உருகுறே." தண்ணியில போடறதான்னு கேட்டேன், திருப்பவே கூடாதும்பாங்களேன்னேன். "அட, முட்டைன்னா எல்லாம் ஒண்ணுதான், கோழிக்கு ஒரு நியாயம் பல்லிக்கு ஒரு நியாயமா. தெரிஞ்சிடுச்சுன்னா மனசு ஆறும்ல." தெரிஞ்சிடுச்சுன்னா மனசு ஆறும். அதுதான் எனக்கு வேணும். நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சிடணும். காலையிலருந்து இந்த நடுவுல தொங்குறதுதான் கொல்லுது.

அம்மாவோட பழைய பித்தளைக் கிண்ணத்துல பானைத் தண்ணி மொண்டு வச்சேன். வேண்டாம்டான்னு ஒரு குரல். பாத்துடுடான்னு ஒரு குரல், இந்தக் குரலுக்குத்தான் எப்பவும் தொண்டை பெருசு. கரண்டியில ஏந்தி எடுத்தேன், என்ன லேசு, ஒரு புளியங்கொட்டை கனம்கூட இல்லாத மாதிரி, விட்டேன். முங்கலை. ஒரு பக்கமா சாஞ்சு, குழி மேல வந்து, அந்தக் குழியில ஒரு சொட்டுத் தண்ணி தேங்கி, மிதந்துச்சு. மெதுவா ஒரு சுத்து சுத்துச்சு. அவ்வளவுதான். கூமுட்டை. சொல்லப்போனா அழுகை வரணும், வரலை, நெஞ்சுலருந்து ஒரு பாரம் இறங்கினது, நான் நினைச்சது சரி, என் கண்ணு பொய் சொல்லலை. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கு. மூணு மணிக்கு அவ வரும்போது குழி விழுந்து நாறுற ஒண்ணை அவ கண்ணுல காட்டணுமா, பப்பாளி செத்து அதைப் பாத்ததே போதும், நல்லதை மட்டும் பாக்கட்டும். பால்கனியில கறிவேப்பிலைத் தொட்டி இருக்கு, வெயில் நேரா விழுற இடம், மண்ணு கையைச் சுட்டுது, ஒரு விரக்கடை தோண்டி அதுக்குள்ள வச்சு மூடி, மேல ஒரு கை தண்ணி தெளிச்சேன், செத்ததுக்குச் செய்யற மரியாதை. கை கழுவிட்டு வந்து வெர்மிகுலைட்டைச் சமன் பண்ணி, நல்ல முட்டை முன்னாடி தெரியுற மாதிரி டப்பாவைத் திருப்பி வச்சேன். ஒத்தை முட்டை பாக்க அழகாத்தான் இருந்தது. முப்பத்திமூணு காட்டினது, ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி கரண்ட் வந்துடுச்சு, பக்கத்து வீட்டு மோட்டார், கீழ் வீட்டு டிவி, எல்லாம் ஒரே நேரத்துல கத்த ஆரம்பிச்சது, ஏசி காத்து முகத்துல பட்டதும் அப்படியே கட்டில்ல சாஞ்சேன். தப்பிச்சோம்னு நினைச்சேன். ஆனா தூக்கம் வரலை, பால்கனிக் கதவையே பாத்துக்கிட்டிருந்தேன், எதுக்குப் பாக்குறேன்னு தெரியலை, கதவு சாத்தித்தான் இருந்தது.

ரெண்டே முக்காலுக்கு வந்துட்டா. முடியை வெட்டியிருந்தா, சொல்லவே இல்லை, காது தெரியுற மாதிரி, அவ அம்மா சாயல் அப்படியே, நல்லாருக்கும்மான்னு சொல்லலாம்னு வாயெடுக்கறதுக்குள்ள பெட்டிக்கு முன்னாடி மண்டி போட்டுட்டா. தெர்மாகோல் மூடியை மட்டும் எடுத்தா, டப்பா மூடியைத் திறக்கலை. பிளாஸ்டிக்கு வழியா வெளியிலருந்தே பாத்தா, மூச்சை அடக்கிக்கிட்டு. "இன்னொண்ணு எங்கப்பா." கெட்டுப்போச்சும்மா, காலையில கரண்ட் இல்லை, நானும் என்னென்னமோ செஞ்சேன், ஒண்ணைக் காப்பாத்திட்டேன்னு சொன்னேன், காப்பாத்திட்டேன்னு சொல்லும்போது என் குரல் எனக்கே வேற ஆளு குரல் மாதிரி இருந்தது. "கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரியும்." "குழி விழுந்துடுச்சும்மா, மேலெல்லாம் வேர்த்து வழிஞ்சது." அவ திரும்பினா. கண்ணு ரெண்டும் பெருசாச்சு, பயத்துலன்னு நினைச்சேன், பயம் இல்லை, சந்தோஷம் மாதிரி ஒண்ணு, ஒரு நொடிதான். "வேர்த்துச்சாப்பா? வேர்த்தா வெளிய வரப்போகுதுன்னு அர்த்தம்ப்பா. குழியும் விழும். வெயில்ல சீக்கிரமே வந்துடும், நம்ம ஊருக்கு நெட்ல போட்ட தேதியெல்லாம் ஒத்துவராது. எங்க வச்சிருக்கீங்க?" என் கை பால்கனியைக் காட்டினது.

செருப்புகூட இல்லாம ஓடினா, அந்தத் தரை சுடுமேன்னு நினைச்சேன், அதை மட்டும்தான் நினைச்சேன், மத்தது எதையும் நினைக்க மனசு மறுத்துடுச்சு. தொட்டியில நகம் படாம விரல் நுனியால மண்ணை ஒதுக்கி ஒதுக்கி எடுத்தா, ஒரு விரக்கடை ஆழம்தான், ஆனா வருஷக்கணக்குல தோண்டின மாதிரி இருந்தது. ஓட்டுல பிளேடால கீறின மாதிரி ரெண்டு கீறல். அந்தக் கீறல் வழியா மூக்கு வெளிய வந்திருந்தது, முன்னங்கால் ஒண்ணு, அந்தக் காலுல அஞ்சு விரலும் விரிஞ்சு, விரலுக்கு நடுவுல மண்ணு. மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையா அவ்வளவு தெளிவா இருந்தது. வாய் திறந்திருந்தது, வாய்க்குள்ளயும் மண்ணு. அதை உள்ளங்கையில வச்சு ஊதினா, துப்பட்டா முனையை நனைச்சுத் துடைச்சா, தலைகீழாப் பிடிச்சு மெதுவாத் தட்டினா, எங்க கத்துக்கிட்டா இதெல்லாம், திரும்ப ஊதினா. நான் கதவுகிட்டயே நின்னேன். உசிரு இருக்காம்மான்னு கேட்டேன். தலையை இல்லைன்னு ஆட்டினா. ஏன்ப்பா இப்படிப் பண்ணினீங்கன்னு அவ கத்தியிருக்கணும், ஒரு வார்த்தை திட்டியிருக்கணும், அந்தத் தொட்டியைத் தூக்கிப் போட்டு உடைச்சிருந்தாக்கூட நான் சந்தோஷமா பொறுக்கியிருப்பேன். "பரவாயில்லப்பா, உங்களுக்குத் தெரியாதுல்ல"ன்னு சொன்னா. பெரிய மனுஷங்க சொல்ற மாதிரி. திரும்ப அங்கயே வச்சு, மண்ணைத் தள்ளி மூடினா.

கையைக் கழுவிட்டு வந்து போன் எடுத்தா. சோபாவுல உக்காரலை, நின்னுக்கிட்டே பேசினா. "அம்மா, ஒரு டப்பா கொண்டு வரட்டுமா. பல்லி இல்லம்மா, முட்டைதான் இப்ப. என் ரூம்லயே வச்சுக்குவேன், நீ உள்ள வர வேண்டாம்." அந்தப் பக்கம் சண்டை வரும்னு காத்திருந்தேன், சுமித்ரா இதுக்கு ஒத்துக்கவே மாட்டா, மாசக்கணக்கா ஒத்துக்காதவ, அவளோட அந்தப் பயத்தை நம்பித்தானே நான் இத்தனை நாள் ஓட்டினேன். "இல்லம்மா, அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி, பாத்துக்க நேரமில்லை"ன்னா மிருதுளா, என்னைப் பாக்காம. அந்தப் பக்கத்துலருந்து ஒரே ஒரு சரி வந்தது, எனக்கே கேட்டது. ஸ்கூட்டி நாலு மணிக்கெல்லாம் வந்துடுச்சு. டப்பாவை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, ஒவ்வொரு படியா, பக்கவாட்டுல கால் வச்சு இறங்கினா, சாய்க்காதேம்மான்னு சொல்ல என் நாக்கு துடிச்சது, அவ சாய்க்கலை. வண்டியில ஏறி மடியில வச்சுக்கிட்டு, ஒரு கை அடியில, ஒரு கை மூடி மேல. அடுத்த நாலாவது சனிக்கிழமைன்னு ஆரம்பிச்சேன். "போன் பண்றேன்ப்பா"ன்னா. சுமித்ரா வண்டியை எடுத்தா, அவ வண்டி ஓட்டுறதுல நான் ஆயிரம் குத்தம் சொன்னவன், இன்னிக்கு ஒவ்வொரு பள்ளத்தையும் ஒதுக்கி ஒதுக்கி, நடக்கிறவன் வேகத்துல ஓட்டினா. எங்கயாவது ஒரு இடத்துல குலுங்கும்னு தெருமுனை வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். குலுங்கவே இல்லை.